அமலாஜெசி டாட் காம்

செப்டம்பர் 3

இன்றைக்குக் கடைக்கு வந்தது ஒரு தையல்காரரும் ஒரு ஆடும். தையல்காரர் மிஷின் ஊசி வாங்கிக்கொண்டு போனார். ஆடு சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சாக்கடைக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து இதுதான் நிலைமை. பள்ளத்தின் மேல் ஒரு பலகை கிடக்கிறது. அதில் ஏறி வர ஆட்டுக்கு இருக்கிற தைரியம், வருஷக்கணக்காக என்னிடம் லேஸ் வாங்குகிற பெண்களுக்கு இல்லை. எல்லாரும் பெரிய ரோட்டில் இருக்கும் வில்பிரட் கடைக்குப் போகிறார்கள். போகட்டும். அவன் விற்கிற லைனிங் துணி ஒரே துவைப்பில் சுருங்கும். அப்போது தெரியும் என் அருமை.

பக்கத்துக் கடைச் செல்வரதி ஜெராக்ஸ் மிஷினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆள் இல்லை.

"யக்கா, வாட்சப்புல எத்தனை பேரு உங்ககிட்ட லேஸ் கேக்காங்க? தேவகோட்டைல இருந்து கேக்காங்க, மலேசியால இருந்து ஒருத்தி கேக்கா. தெருவுல ஆள் வரலன்னா என்ன? ஒரு வெப்சைட் போடுவோம். படம் எல்லாம் நான் ஏத்தித் தாரேன். நீங்க பார்சல் மட்டும் கட்டுங்க."

"எனக்கு எதுக்குட்டி அந்த வம்பு?"

"அப்ப ஆட்டுக்கே யாவாரம் பண்ணுங்க."

வாயாடி. ஆனாலும் சொன்னது நியாயம்தான். பொங்கலுக்கு மேல் கடையை வைத்துக்கொள்கிறாயா, விடுகிறாயா என்று கட்டடத்துக்காரர் சேர்மக்கனி அண்ணாச்சி போன வாரமே கேட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் தையல் சீசனில் வியாபாரம் நடக்கவில்லை என்றால் நானே சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். சரி செய்வோம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5

வெப்சைட்டில் போடுவதற்குக் கடையைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னாள் செல்வரதி. இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

'அமலா ஜெசி தையல் பொருளகம், தூத்துக்குடி. லேஸ், ஜிப், பட்டன், நூல், லைனிங், கேன்வாஸ் எல்லாம் கிடைக்கும். நடத்துபவர்கள் அமலோற்பவம், ஜெசிந்தா. அமலோற்பவம் அளவில் ஒரு விரல்கடை குறைக்க மாட்டாள். ஜெசிந்தாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு நிறம் போகாது. சேலையை வீட்டில் வைத்துவிட்டு வந்து வாயால் சொன்னாலே பொருத்தமான லேஸை எடுத்து நீட்டுவாள்.'

எழுதி முடித்த பிறகுதான் ஜெசிந்தா இப்போது கடையில் இல்லை என்பது உறைத்தது. கடையை என்னோடு சேர்ந்து நடத்திய சிநேகிதி புனே போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் தம்பி ஹென்றியின் மனைவி இறந்துபோனபோது, இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் தினம் பேசினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசினாள். பிறகு பண்டிகைக்கு. இப்போது அதுவும் கிடையாது. போனவள்தான் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. இருக்கிறவள் எப்படிக் கூப்பிடுவது? அங்கே வேலையாக இருக்கிறாளா, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நமக்கு என்ன தெரியும்? நான் ஒன்றும் கோபத்தில் இல்லை. முறையைச் சொல்கிறேன்.

எழுதினதை அப்படியே செல்வரதியிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பெயரைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். டொமைன் என்கிறார்கள். கடைக்கு வெளியே போர்டு மாட்டுகிறோம் அல்லவா, நெட்டில் அதுதான் போர்டாம். ஒரு பெயரை உலகத்திலேயே ஒருவர்தான் வைத்துக்கொள்ளலாமாம். அமலாஜெசி டாட் காம் என்று அடித்தாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்களாம்!

"எவன்ட்டி எடுத்தான்?"

"பேரை மறைச்சி வச்சிருக்காங்கக்கா. போன வருஷம் பதிஞ்சது. இப்போதைக்கு விடுற மாதிரி தெரியல, இன்னும் ரொம்ப நாளைக்குப் பணம் கட்டி வச்சிருக்காங்க."

"என் கடைப் பேரை எவனோ எடுத்து வச்சிருக்கான், நீ சாவகாசமாச் சொல்லுத!"

"உலகத்துல ஒரே ஒரு அமலாவும் ஒரே ஒரு ஜெசியும்தானா இருக்காங்க?"

சேர்ந்து இருக்கிறவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? அந்த நேரத்தில் இப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 6

வில்பிரட்தான். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? பலகையில் ஏறி, சேற்றில் இறங்கி, அவன் கடைக்கே போய் நாலு பேர் பார்க்கக் கேட்டேன். "என் டொமைனை எடுத்துட்டு என் கண்ணு முன்னால யாவாரமா பண்ணுத?"

அவன் வாடிக்கைக்காரிகளை விட்டுவிட்டு எழுந்து வந்தான். "அமலாக்கா, உங்க சாமான் எதையும் நான் எடுக்கலக்கா. மாதா மேல சத்தியம். டொமைன்னா என்ன, லைனிங்கா?"

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். சே.

செப்டம்பர் 10

அமலா லேஸ் டாட் காம் இருக்கிறதாம். அமலா தையல் டாட் காமும் இருக்கிறதாம். எதை எடுக்கட்டும் என்று கேட்டாள் செல்வரதி.

"ஜெசி எங்க?"

"அவங்கதான் இல்லியேக்கா. இப்ப நீங்க மட்டும்தான கடை?"

இதையே அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். போன வருஷம் வெள்ளையடிக்கும்போது, போர்டில் பாதியை அழித்துவிட்டால் பெயிண்டும் மிச்சம், படிக்கவும் சுலபம் என்றார். பாதிரியார்கூட ஒரு தடவை, "தனியா எப்படி சமாளிக்கிற அமலா?" என்று கேட்டார். எல்லாருக்கும் என் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

வாடிக்கையாளர்களுக்குப் பழகின பெயர், மாற்றினால் குழப்பம் வரும் என்று சொன்னேன். அதுதான் காரணம். வியாபாரம் என்றால் அதைப் பார்க்க வேண்டும் அல்லவா?

செல்வரதி பெருமூச்சு விட்டாள். பிறகு ஒரு வழி சொன்னாள். பெயரை வைத்திருக்கிறவருக்கு, யார் என்று தெரியாவிட்டாலும், ஒரு கடிதம் அனுப்பலாமாம். நெட்டில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கே எழுதினால் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நாம்தான் அந்தக் கடை என்று மட்டும் காட்டிக்கொள்ளவே கூடாது. ஆசையாகக் கேட்கிறோம் என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள். ஆகவே கோயம்புத்தூரில் இருந்து ஒரு கம்பெனி கேட்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதினாள். கீழே 'மேனேஜர் நந்தகோபால்' என்று போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் மீசை முளைத்து மேனேஜராகிவிட்டேன்.

செப்டம்பர் 14

பதில் இல்லை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

செப்டம்பர் 19

பதில் வந்தது. இங்கிலீஷில் ஒரே வரி. விற்பதற்கு இல்லை.

நந்தகோபாலுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல விலை தருகிறோம், நீங்கள் அந்தப் பெயரில் ஒரு கடையும் நடத்தவில்லையே, சும்மா பூட்டி வைத்திருப்பானேன் என்று இன்னொரு கடிதம் எழுதச் சொன்னேன். செல்வரதி அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதினாள்.

இன்றைக்குக் கடைக்கு மேலே, நாங்கள் சேர்ந்து குடியிருந்த மாடியைப் பெருக்கினேன். ஜெசிந்தாவின் கட்டிலில் சரக்கு அடுக்கினால் கீழே இடம் கிடைக்கும். கட்டிலைத் துடைத்தேன். சரக்கை ஏற்றவில்லை. இடுப்பு வலி.

செப்டம்பர் 26

செல்வரதி ஓடி வந்தாள். கையில் பிரிண்ட் எடுத்த தாள். இந்தத் தடவை பதில் தமிழில். அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

'ஐயா, நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான். அது ஒரு கடையின் பெயர். தூத்துக்குடியில் இருக்கிறது. அதில் முதல் பெயர்க்காரி இன்னும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கோபக்காரி. அவள் வந்து கேட்டால் அந்த நிமிஷமே கொடுப்பேன். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்கள் கம்பெனி நல்லபடியாக நடக்க ஜெபிக்கிறேன். வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள்.'

கோபக்காரியாம்.

ஊர்பேர் தெரியாத ஒரு மேனேஜரிடம் என்னைப் பற்றி இப்படியா சொல்வது? நான் என்ன கோபப்பட்டுவிட்டேன்? அவள்தான் போனாள். அவள்தான் பேசுவதை நிறுத்தினாள். நான் என் பாட்டுக்குக் கடையில் இருக்கிறேன்.

"யக்கா, அழுறீங்களா?" என்று கேட்டாள் செல்வரதி.

தெருவில் தோண்டின புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

செப்டம்பர் 27

கடை திறக்கவில்லை. தலைவலி.

அக்டோபர் 4

அவளுக்குப் போன் பண்ணினால் முடிந்தது என்று செல்வரதி தினமும் வந்து சொல்கிறாள். எனக்குத் தெரியாதா? நேரம் வர வேண்டாமா? திங்கள்கிழமை சரக்கு வந்தது. செவ்வாய் எலி கேன்வாஸ் ரோலைக் கடித்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினேன். புதன்கிழமை கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரமாக இருக்கும். மத்தியானம் அவள் கண்ணயர்கிற நேரம். சாயங்காலம் சமையல். ஆக ஒரு நாளில் கூப்பிடுவதற்கு ஏற்ற நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அக்டோபர் 9

படம் எல்லாம் எடுத்து முடித்துவிட்டாள் செல்வரதி. லேஸ் போனில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மயில்கழுத்து நிறத்துக்குக் கீழே நீலம் என்று போட்டிருக்கிறாள். ஜெசிந்தா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். எல்லாம் தயார், பெயர் மட்டும்தான் பாக்கி.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சப்புறம் கடை திறந்து யாருக்கு விக்கப் போறீங்க? அண்ணாச்சி வேற கேட்டுட்டே இருக்காரு. ஒரு போனு பண்ண உங்களுக்கு என்னக்கா?" என்று கத்திவிட்டுப் போனாள். அவள் சொல்வதும் சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 13

கூப்பிட்டேன். கடைக்காகத்தான்.

எடுத்ததும் அவள் ஹலோ சொல்லவில்லை. "அமலா? என்னட்டி, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு காரியமாக் கூப்பிட்டேன்."

"உயிரே போச்சு எனக்கு. சொல்லு."

"நம்ம கடைப் பேரு உன்கிட்டதான் இருக்காமே."

"யாரு சொன்னா?"

"கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தன் கேட்டானா?"

"ஆமா, நந்தகோபாலுன்னு ஒருத்தன். சரியான விடாக்கண்டன்."

"அது நான்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் பாதியில் இருமல் வந்துவிடும். வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பச் சிரித்தாள். "அந்த ஆளை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்லட்டி. கோர்ட்டு கீர்ட்டுன்னு போயிருவானோன்னு ஹென்றிகிட்டக்கூடச் சொல்லி வச்சேன். நீயா அது! பாவி!"

"நீ எதுக்கு அதை எடுத்து வச்சே?"

"ஹென்றி மூத்தவ காலேஜுல எதுக்கோ இப்படி ஒரு பேரு எடுத்தா. நம்ம கடைப் பேரு இருக்கான்னு பாருன்னேன். இருந்துச்சு. வேற எவளும் எடுத்துரக் கூடாதுன்னு எடுத்து வச்சேன். என்னைக்காவது நீ கேப்ப, அன்னைக்குக் குடுப்போம்னு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கூப்பிட்டாச் சொல்லியிருப்பேன்."

"போனவதான கூப்பிடணும்?"

"போனவ எந்த முகத்தோட கூப்பிட? மூணு மாசம்னு சொல்லிட்டு வந்தேன். எடுத்தவுடனே நீ எப்ப வருவன்னு கேப்ப. வாறேன்னு சொல்ல முடியல. வரலன்னு சொல்ல வாய் வரல. ஒவ்வொரு வாரமும் அப்புறம், அப்புறம்னு தள்ளிப் போட்டேன். அதுக்கு மேல கூப்பிடவே வெக்கமாப் போச்சு."

நான் அதைக் கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். ஆனால் வாய் கேட்டுவிட்டது. "சரி, எப்ப வருவ?"

"சின்னவ எட்டாங் கிளாஸ்ட்டி. தாய் இல்லாப் பிள்ளை. அவ ஸ்கூல முடிச்சி ஒரு காலேஜுல சேரட்டும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? பெயரை நாளைக்கே என் கணக்குக்கு மாற்றி அனுப்புவதாகச் சொன்னாள். சரி என்றேன். வைத்துவிட்டோம்.

அவள் வரப்போவதில்லை. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்த விஷயத்தைக் காதால் கேட்டால் இப்படி வலிக்கும் என்று தெரியாது.

அக்டோபர் 15

பெயர் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, வந்து வாசலில் நிற்கிறது. செல்வரதி விளக்கினாள். அங்கிருந்து அவள் அனுப்பியாயிற்று. எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. அதில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்கிற பட்டனை நான்தான் அமுக்க வேண்டும். அமுக்கினால் பெயர் எனக்கு. ஐந்து நாளைக்குள் அமுக்காவிட்டால் தானாகவே திரும்பி ஜெசிந்தாவிடம் போய்விடும்.

"இப்பவே அமுக்குங்கக்கா."

கை நிறைய வேலை, ராத்திரி மாடிக்குப் போய் நிதானமாகப் படித்துப் பார்த்து அமுக்குகிறேன் என்று சொன்னேன். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அக்டோபர் 18

வேலை அதிகம். அமுக்க நேரம் இல்லை. இன்றைக்கு வந்தது ஒரே ஒருத்தி, அரை மீட்டர் எலாஸ்டிக்.

அக்டோபர் 21

எதிர்பார்த்த மாதிரியே ஜெசிந்தா கூப்பிட்டாள். எதிர்பார்த்த மாதிரி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பெயர் திரும்பி வந்துவிட்டது என்று அவளுக்கு மெயில் வந்திருக்கிறது.

"ஏன்ட்டி அமுக்கல?"

"மறந்துட்டேன்."

"நீயா மறப்ப? சரி, திரும்ப அனுப்புதேன். அது போகட்டும், மயில்கழுத்து லேஸ் இன்னும் இருக்கா?"

இருக்கிறது, செல்வரதி அதை நீலம் என்று போட்டிருக்கிறாள் என்றேன். "நீலமா! கண்ணு தெரியாதா அந்தப் புள்ளைக்கு?" என்று ஆரம்பித்தவள், அங்கே புனேயில் கிடைக்கிற லேஸ், அங்கத்து அரிசி, பெரியவளின் முடி கொட்டுவது, ஹென்றியின் சர்க்கரை என்று போய்க்கொண்டே இருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். குக்கர் சத்தம் வந்ததும்தான் வைத்தாள்.

நல்ல பசி எடுத்தது. சோறு வடித்து மீன் குழம்பு வைத்தேன். ஒருத்திக்கு எதற்கு என்று ரொம்ப நாளாக வைக்காமல் இருந்தேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். என் அப்பா அம்மாவுக்கும், ஜெசிந்தாவின் அப்பா அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினேன். போன வருஷமும் ஏற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. கூட்டம் அதிகம். எல்லாரும் குடும்பமாக வந்திருந்தார்கள். எனக்கு இரண்டு கல்லறைக்கும் நடுவில் நிற்பதற்கு ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், காற்றில் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது மெயில் வந்து மூன்று நாள் ஆகிறது. பார்க்கலாம்.

நவம்பர் 5

பெயர் மறுபடியும் திரும்பிப் போய்விட்டது. அவள் கூப்பிட்டாள். நெட் சரியில்லை என்று சொன்னேன். திட்டினாள். திட்டிவிட்டு, கல்லறைக்குப் போனாயா என்று கேட்டாள். உன் அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுதாள். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்கவே மனம் வரவில்லை இரண்டு பேருக்கும்.

நவம்பர் 8

செல்வரதி இன்றைக்கு ஜெராக்ஸ் மிஷினை அணைக்காமலே வந்துவிட்டாள். மூஞ்சி சரியில்லை.

"யக்கா, நேராக் கேக்கேன். நீங்க வேணும்னேதான அமுக்காம இருக்கீங்க?"

"என்னட்டி உளறுத?"

"நீங்க அமுக்கலன்னா அவங்க கூப்பிடுதாங்க. அமுக்கிட்டா எதுக்குக் கூப்பிடப் போறாங்கன்னு பயம். சின்னப்புள்ளைங்க காய்ச்சல்னு சொல்லி ஸ்கூலுக்கு மட்டம் போடுமே, அந்தக் கத."

எழுந்து போடி என்று சொல்லிவிட்டேன். போய்விட்டாள். போகும்போது, "சீசன் முக்காவாசி போச்சு, அண்ணாச்சி கடைக்கு வேற ஆளை விசாரிக்காரு. எனக்கு நீங்க பக்கத்துல இல்லாம இங்க எப்படிக்கா உக்கார?" என்று சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் போனால் கவலைப்பட இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது என் நினைப்பிலேயே இல்லை.

நவம்பர் 15

மூன்றாவது தடவையும் பெயர் திரும்பிப் போனது. இந்தத் தடவை ஜெசிந்தா எடுத்த எடுப்பில் கத்தினாள்.

"விளையாடுதியா? ஒவ்வொரு தடவையும் பெரியவ படிப்பை விட்டுட்டு உக்காந்து அனுப்புதா. ஏன் அத்த, அந்த ஆன்ட்டிக்குப் பைத்தியமான்னு கேக்கா. கடைசியா ஒரு தடவை அனுப்புதேன். இதோட நான் அனுப்ப மாட்டேன், சத்தியமா. உனக்குப் பேரு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப அமுக்கித் தொலையேன்ட்டி!"

"அமுக்கிட்டா அப்புறம் நீ எதுக்கு என்கிட்டப் பேசுவ?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது. கடைசியில், "சின்னவ வந்துட்டா. வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. ஐம்பத்தேழு வயதில் இது என்ன பேச்சு? மானம் போகிறது. அவள் அங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாள். நான் இங்கிருந்து, என்னோடு பேசு என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறேன்.

நவம்பர் 16

மெயில் வந்திருக்கிறது. கடைசி.

நவம்பர் 19

தெருவில் குழாயைப் பதித்து மண்ணை மூடிவிட்டார்கள். மழை பெய்து மண் இறங்கிவிட்டது, பள்ளம் இப்போது குளமாக நிற்கிறது. ஆடும் வருவதில்லை.

நவம்பர் 20

அமுக்கினேன். செல்வரதி கடைக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமுக்கினேன். அவள் என் முதுகில் தட்டினாள்.

அமலாஜெசி டாட் காம் இன்று முதல் அமலோற்பவத்துக்குச் சொந்தம் என்று மெயில் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. இத்தனை நாள் அந்தப் பெயர் அவள் கையில் இருந்தது. நான் கேட்க வேண்டியதும், அவள் கொடுக்க வேண்டியதும் ஒன்று எங்களுக்கு நடுவில் மிச்சம் இருந்தது. இன்றைக்கு அதுவும் தீர்ந்தது.

எடுத்துக்கொண்டேன், நன்றி என்று ஜெசிந்தாவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

நவம்பர் 24

வெப்சைட் திறந்தாயிற்று. முதல் ஆர்டர் தேவகோட்டை. வெள்ளை லேஸ், ஞானஸ்நானச் சட்டைக்கு. அளந்து வெட்டி, ஒரு சாண் கூடுதலாக வைத்துக் கட்டினேன். கூரியர்காரன் பலகையில் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனான். செல்வரதி லட்டு வாங்கி வந்தாள்.

நவம்பர் 30

நல்ல வியாபாரம். மலேசியாக்காரிக்கு மட்டும் பெரிய பார்சல். மத்தியானச் சாப்பாடு மறந்தேபோகிறது. அண்ணாச்சியிடம், கடையை விடவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். "சந்தோசம் தங்கச்சி, தனியா இருந்து சாதிச்சிட்ட" என்றார்.

ஜெசிந்தாவிடமிருந்து ஒன்றும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? காரியம் முடிந்துவிட்டதே.

டிசம்பர் 4

போன் அடிக்கிறபோதெல்லாம் ஆர்டர்.

டிசம்பர் 8

அமலோற்பவ மாதா திருநாள். என் பெயர்த் திருநாள். எங்கள் பக்கத்தில் பிறந்தநாளைவிட இதுதான் பெரிது. காலைப் பூசைக்குப் போனேன். சாமியார் வாழ்த்தினார். வில்பிரட் கடையிலிருந்து கேக் அனுப்பியிருந்தான், நான் அன்றைக்குக் கத்தினதை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. செல்வரதி மல்லிகைப்பூ வாங்கிவந்து அவளே என் தலையில் வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா கூப்பிடவில்லை. இதற்குக்கூடக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைதான் அவளை விரட்டிவிட்டது. நான் கேட்டதைக் கொடுக்க முடியாதவளிடம் போய்க் கேட்டேன். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழகவில்லை. ஒரு நாளும் பழகவில்லை.

டிசம்பர் 11

மத்தியானம் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுகிற டேப்பை வாயால் கடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆர்டர் என்று நினைத்துப் பார்க்காமலே எடுத்தேன்.

"என்னட்டி செய்யுத?"

டேப்பைத் துப்பினேன். "பார்சல் கட்டுதேன். என்ன விஷயம்?"

"ஒரு விஷயமும் இல்ல."

"மெயில்ல ஏதும் கோளாறா? பேரு திரும்பி வந்துருச்சா?"

"அது உன்கிட்ட பத்திரமா இருக்கு. சாப்பிட்டியா?"

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "என் திருநாளுக்குக் கூப்பிட வழியில்ல, இப்ப வந்து சாப்பிட்டியான்னு கேக்க!"

"கூப்பிடணும்னு அன்னைக்குப் பூரா போனைப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தேன். சின்னவகூட நம்பரைப் போட்டுத் தரவா அத்தன்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா, திருநாளுக்காகக் கூப்பிட்டான்னு நினைச்சிருப்ப. உன்னைய எனக்குத் தெரியாதா? அதான் பொறுத்தேன். இன்னைக்கு என்ன விசேஷம், சொல்லு பாப்போம்?"

யோசித்துப் பார்த்தேன். பிறந்தநாள் கிடையாது, பண்டிகை கிடையாது. எந்தப் புனிதர் திருநாளும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"அதான். சும்மா கூப்பிட்டேன்."

பார்சலைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள், "ஏட்டி, இருக்கியா? இருக்கியா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். இருக்கேன், பேசு என்றேன். கத்தரிக்காய் அங்கே என்ன விலை என்று சொல்ல ஆரம்பித்தாள்.